முதல் 24 மணி நேரம்: ஒரு மாணவர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

‘சிறுபான்மையினரும் குற்றவியல் நீதியும்’ என்ற விருப்பப் பாடத்தை ஒரு பருவம் முழுக்கப் படித்து முடித்த சட்டக் கல்லூரி மாணவர்களாகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயருக்காகக் கூடிய கூட்டங்களில் சண்டைதான் மிஞ்சியது. வேலை தொடங்கட்டும், பெயர் பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் கொள்கை ஒன்றுதான். போலீஸ் கைது செய்த ஒருவரை 24 மணி நேரத்துக்குள் முதன்முதலாக நீதித்துறை நடுவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்போது, வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவராவது அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இனி அந்த வேலையை நாங்கள் செய்வோம். இந்த அறிக்கையில் மற்றதெல்லாம் ஏன் இந்த வேலை, எப்படிச் செய்யப் போகிறோம் என்பதற்கான விளக்கம்.

அந்தப் பாடத்துக்குத் தேர்வு பாதி, குறிப்பேடு பாதி. வாரா வாரம் வகுப்பில் கேட்டதைப் பற்றி மனதில் பட்டதை எழுதித் தர வேண்டும். கடைசி வகுப்பில் பேராசிரியர் எல்லாக் குறிப்பேடுகளையும் பெயர் மறைத்துக் கலைத்துப் போட்டு, ஆளுக்கொன்று எடுத்துப் படிக்கச் சொன்னார். இந்த இயக்கம் அங்கிருந்துதான் வந்தது.

ஒரு குறிப்பேட்டை எழுதியவர் குறவர் சமூகத்துப் பையன். டவுனில் எங்கே நகை காணாமல் போனாலும் அவன் மாமாவைத்தான் முதலில் கூட்டிப்போவார்களாம். வீட்டில் ஒரு மஞ்சள் பை எப்போதும் தயாராக இருக்குமாம்: ஒரு லுங்கி, ஒரு துண்டு, ரத்த அழுத்த மாத்திரை, ஆட்டோவுக்கும் வக்கீலுக்கும் அம்மா முடிந்து வைத்த பணம். இன்னொன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. 1998 குண்டுவெடிப்புக்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவன் எழுதியது. குண்டு வெடித்த பிப்ரவரி 14-ஐ ஒட்டியும் பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6-ஐ ஒட்டியும் தெருமுனையில் நிற்கும் போலீஸ் வேன் அவனுக்குப் பொங்கல், ரம்ஜான் மாதிரி நாள்காட்டியில் ஒரு நாள். மூன்றாவது, ஊரில் நிலபுலன் உள்ள குடும்பத்துப் பெண். “எங்க வீட்டுக்குப் போலீஸ் வந்தா அம்மா காபி போடுவாங்க. இதுல எழுத என்ன இருக்குன்னு முதல் வாரம் நெனச்சேன்” என்று ஆரம்பித்திருந்தாள். முதலாமவனும் இவளும் ஒரே வட்டாரத்துக்காரர்கள், ஒரே ஸ்டேஷன் எல்லை. இது கடைசி வகுப்பில்தான் தெரியவந்தது.

நான்காவது குறிப்பேடு எங்களை அதிகம் பேச வைத்தது. ஏட்டையா மகள் ஒருத்தி எழுதியது. அதைப் பிறகு சொல்கிறோம்.

பாடம் 1871-இல் ஆரம்பித்தது. அந்த ஆண்டு வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், பிறப்பிலேயே திருடர் என்று சில சமூகங்களைப் பட்டியலிட்டது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும், இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுக்க 1952-இலும் அந்தச் சட்டம் போனது. போன இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்தது. சென்னை அதை 1948-லேயே இயற்றிவிட்டது. பட்டியலில் சமூகத்தின் பெயர் இருந்த இடத்தில் ஆளின் பெயர் வந்தது. ஆனால் அந்த ஆளைத் தேடிப் போலீஸ் போனது பழைய தெருவுக்கே.

இதெல்லாம் வரலாறு என்று மூடிவைக்கப் பார்த்தோம். ஆனால் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளும், பழைய குற்றப் பட்டியலில் இருந்த சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் விதிகளும் அன்றுவரை இருந்திருக்கின்றன. அவற்றை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் தள்ளியது. அந்தத் தீர்ப்பில் நம்மூர்ப் பெயரும் வருகிறது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்ததும், மோதலைத் தவிர்க்கத்தான் அப்படி என்று அரசு சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் அதில் பதிவாகியிருக்கின்றன. சமூக நீதி மண் என்று மேடையில் பேசும் யாரும் அந்தப் பக்கங்களைப் படிப்பது நல்லது.

எண்ணிக்கைக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபணமாகவில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், டெல்லி 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கையில், தூக்குக்குக் காத்திருந்தவர்களில் 76 சதவீதம் பேர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, மதச் சிறுபான்மைச் சமூகத்தினர். இதைப் பார்த்து வகுப்பில் ஒருவர் கேட்டார்: “அவங்க அதிகமா குற்றம் செய்றதாலகூட இருக்கலாமே?” கேள்வி நியாயமானது. கேட்டவரை யாரும் அடக்கவில்லை. இந்தக் கேள்விக்கு எண்ணை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. யாரை நிறுத்திச் சோதிக்கிறார்கள், யாரைக் கைது செய்கிறார்கள், யாருக்கு ஜாமீன் கிடைக்கிறது என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இறங்கிப் போனோம். கீழ்ப்படியில் ரிமாண்ட் இருந்தது: கைதானவரை நடுவர் முன் நிறுத்திக் காவலுக்கு அனுப்பும் அந்த முதல் படி.

பாடத்தின் பகுதியாக ஒரு ஜே.எம். (நீதித்துறை நடுவர்) கோர்ட்டில் போய் உட்கார்ந்தோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அந்த நடுவர் கெட்டவர் அல்ல. பொறுமையானவர், யாரையும் அதட்டாதவர். எங்களைக் கலங்கடித்ததே அதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். வெறுங்கால். லாக்கப்பில் அரைஞாண் கயிற்றையும் எடுத்துவிடுவதால் ஒருவர் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். கும்பிட மறு கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனார். ஏட்டு பக்கத்திலேயே, தோளோடு தோள் உரசும்படி நின்றார். வழக்குக் கட்டைப் புரட்டியபடி நடுவர் கேட்டார்: “போலீஸ் எதுவும் தொந்தரவு பண்ணாங்களா?”

“இல்லீங்கய்யா.”

“வக்கீல் இருக்காரா?”

அவர் ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். ஏட்டு ஒன்றும் சொல்லவில்லை. “தெரியலீங்கய்யா.”

பதினைந்து நாள். அடுத்தவர்.

வெளியே வந்ததும் வண்டியைப் பார்த்தோம். காலையில் கூட்டிவந்த அதே ஜீப், அதே ஏட்டு. கிளைச்சிறை வரை அவர்களோடுதான் பயணம். அடித்தார்கள் என்று அவர் நடுவரிடம் சொல்லியிருந்தால் அந்த ஜீப்பில் எப்படி ஏறியிருப்பார்?

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இந்தப் படிகளையெல்லாம் கடந்துதான் போனார்கள். மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தார், நடுவர் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம், ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு கையெழுத்து. 2025 ஜூனில் திருப்புவனத்தில் நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமாருக்கு அந்தக் காகிதங்களும் இல்லை. நடுவர் முகத்தைப் பார்க்காமலேயே இறந்தார். இவர்கள் நாங்கள் படித்த பட்டியல் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அல்லவே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கட்டும். குறவர் தெருவிலும் இருளர் குடிசையிலும் நூறு வருடம் கை பழகிய வேலை, பிறகு யார் வீட்டுக்கும் வரும்.

போலீஸ் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் வழக்கு எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தோம். தெரிந்தது ‘ஜெய் பீம்’ படம்தான். 1993 மார்ச்சில் கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்திலிருந்து திருட்டுப் புகாரில் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டவர், தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. மனைவி பார்வதி விடவில்லை. வழக்கறிஞர் கே. சந்துரு வழியாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ்காரர்களுக்குத் தண்டனை உறுதியானது 2006-இல். படத்தில் இருளராகக் காட்டப்பட்டவர் நிஜத்தில் குறவர். 2021-இல் ‘ஜெய் பீம்’ பார்த்து எங்களில் பலர் அழுதோம். அழுத எங்களுக்கு எங்கள் ஊர் ஜே.எம். கோர்ட் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. அதே வருடம் அதே போனில், போலீஸ் பிடித்த பிறகு கையில் மாவுக்கட்டோடு நிற்கும் யாரோ ஒரு பையனின் படத்துக்கு, ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்’ என்ற மீமுக்குச் சிரித்தும் இருக்கிறோம். இரண்டும் ஒரே ஸ்டேஷனில் நடப்பவை என்று உறைக்கவில்லை. மாவுக்கட்டு மீம் பகிர்பவர் இந்த இயக்கத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. சின்ன விதி போலத் தெரியும். விவாதத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில் பெரும்பகுதி இன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் போதும். குறிப்பாணையில் கையெழுத்து இருக்கிறதா, வீட்டுக்குச் சொன்னார்களா, வக்கீல் வந்தாரா என்பதை ரிமாண்ட் நேரத்தில் பார்த்து எழுதிக்கொள்ள வெளியாள் ஒருவர் வேண்டும். வழக்குக் கட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பெஞ்சு கிளார்க் சொன்னால், சரியாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஜாமீன். உத்தரவு வாங்கிய பிறகும் சிறையிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களுக்கு வீட்டு வரி ரசீது வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், அதுவும் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் இருளர் வீட்டுக்கு வரி ரசீது எங்கிருந்து வரும்? பட்டா இல்லாத ஊரில் ஜாமீன் நிற்க ஆள் தேடுவதென்றால், வேலை பார்க்கும் செங்கல் சூளை முதலாளியிடமோ அரிசி ஆலைக்காரரிடமோதான் போய் நிற்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த சில வருடத்துக்கு அந்தக் குடும்பம் அவருடையது. 1978-லேயே மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதை நீதிபதி கிருஷ்ணய்யர் பிடித்தார். 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட கீழ்க்கோர்ட், வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி அவருடைய அண்ணன் தம்பி உறவில் ஒருவரின் ஜாமீனையும் மறுத்திருந்தது. தொகையை 1,000 ரூபாயாக்கி, சொந்தப் பிணையில் விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 45 வருடம். ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று, ஜாமீனில் விடத்தக்க குற்றங்களுக்குச் சட்டமே சொல்கிறது. இந்த ஒரு வரியை அட்டையில் அடித்து ஒவ்வொரு உறுப்பினரும் சட்டைப்பையில் வைத்திருப்போம்.

ஜாமீனே கிடைக்காமல் போனவர்களும் உண்டு. கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்தை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். அந்த வழக்கில் 1998-இல் கைதான அப்துல் நாசர் மதானி 2007-இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஒன்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த ஒருவருக்கு விடுதலைத் தீர்ப்பு எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று குறிப்பேடுகளில் எங்களில் பலர் கேட்டிருந்தோம். பதில் யாரிடமும் இல்லை.

சிறுபான்மை என்று நாங்கள் யாரைச் சொல்கிறோம் என்பதில் இங்கே ஒரு சங்கடம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த பீகார் இளைஞன் அவன் ஊரில் பெரும்பான்மைச் சாதியாக இருக்கலாம். இங்கே ஸ்டேஷனில் தமிழில் எழுதிய வாக்குமூலத்தில் அவன் இந்தியில் கையெழுத்துப் போடுகிறான். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது யார்? அவனைப் பிடித்த போலீஸ்காரர்தான். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், ரிமாண்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மொழிக்காகப் போராடிய ஊரில் இது முதலில் நடைமுறைக்கு வர வேண்டும். இந்தி தெரிந்த மாணவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் தேவை, கட்சிகள் கோபித்துக்கொண்டாலும். திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில், ஜாமீன் கிடைத்த பிறகும் அடைத்துவைக்கப்படும் ஈழத் தமிழர்களும் எங்கள் கணக்கில் வருவார்கள்.

பாதிக்கப்பட்டவராக ஸ்டேஷன் படியேறும்போதும் இதே கதைதான். வன்கொடுமைப் புகார் கொடுக்கப் போன தலித் மீது அன்றைக்கே எதிர் வழக்கு ஒன்று பதிவாகிவிடும். இரண்டு பக்கமும் கேஸ் இருக்கிறது, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் வனத்துறையும் போலீஸும் பழங்குடி மக்கள் மீது நடத்திய வன்கொடுமைக்கு 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கேயும் முதல் நாட்களில் சிறைக்குப் போனது ஊர்ப் பெண்கள். சந்தனக் கட்டை கடத்தியதாக வழக்கு. அவர்களை ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது பார்வையாளர் வரிசையில் யாராவது உட்கார்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊகிக்க நாங்கள் தயாரில்லை. உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

இனி ஏட்டையா மகளின் குறிப்பேடு. அவள் எழுதியதில் கோபம் நிறைய. வகுப்பில் நாங்கள் போலீஸ் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அப்பா முகம்தான் வந்ததாம். மாதக் கூட்டத்தில் ‘டிடெக்ஷன் எத்தனை, ரெக்கவரி எத்தனை’ என்று இன்ஸ்பெக்டரை மேலதிகாரி எல்லோர் முன்னாலும் வறுத்தெடுப்பதையும், அந்த இன்ஸ்பெக்டர் அன்று மாலையே ‘எவனையாவது தூக்கிட்டு வாங்க’ என்று சொல்வதையும் அவள் அப்பா வீட்டில் முணுமுணுத்திருக்கிறார். திருட்டுப் போன சவரனுக்குக் கணக்குக் காட்ட ஆள் வேண்டும். பழைய ரெஜிஸ்டரில் பெயர் இருக்கும் ஆள் எளிது. சாத்தான்குளத்தில் நடந்ததைச் சாட்சி சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி என்பதையும் அவள்தான் எங்களுக்கு நினைவூட்டினாள். இயக்கத்தின் கதவு போலீஸ் பிள்ளைகளுக்கும் போலீஸாருக்கும் திறந்திருக்கும் என்ற தீர்மானத்தை அவளே முன்மொழிந்தாள். எதிர்த்து வாக்களித்தவர்கள் இருந்தார்கள். எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது, தீர்மானம் நிறைவேறியது.

எங்கள் கோரிக்கைகள் சொற்பம். ரிமாண்டின்போது அடித்தார்களா என்று நடுவர் கேட்கையில் எஸ்கார்ட் போலீஸ் காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும், கைதானவர் நின்ற நிலையும் எழுத்தில் பதிவாக வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ரிமாண்ட் வழக்கறிஞர், விடுமுறை நாளில் நடுவர் குடியிருப்பில் நடக்கும் ரிமாண்டுக்கும் வர வேண்டும். பழைய குற்றப் பட்டியலில் இருந்த சமூகத்தார் மீது நன்னடத்தைப் பிணை கேட்டுப் போடும் வழக்குகளை மாவட்டவாரியாக, சமூகவாரியாக அரசு வெளியிட வேண்டும். வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தை நீக்க வேண்டும்.

முன்னோடிகள் இல்லாத இடத்தில் நாங்கள் நுழையவில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும், மதுரையில் ஹென்றி திபேனின் மக்கள் கண்காணிப்பகமும் நாங்கள் பிறக்கும் முன்பிருந்தே இந்த வேலையில் இருப்பவர்கள். அவர்கள் செய்வதில் கால்வாசிக்கும் எங்களுக்குத் தகுதியில்லை. மாணவர்களிடம் இருப்பது நேரம். கோர்ட்டில் நாள் முழுக்கச் சும்மா உட்கார வழக்கறிஞரால் முடியாது, கூலிக்காரரால் முடியாது. எங்களால் முடியும்.

கட்டுப்பாடுகள் வருமாறு. கறுப்பு வெள்ளை உடுத்திப் போக மாட்டோம், வழக்கறிஞர் என்று யாரும் நினைக்கும்படி நடக்க மாட்டோம். கைதானவரிடமோ குடும்பத்திடமோ ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டோம். யாருடைய முகத்தையும் படம் எடுக்க மாட்டோம். ரீல்ஸ் கிடையாது. அவர் குற்றம் செய்தாரா என்று கேட்க மாட்டோம், செய்தவருக்கும் இதே உரிமைகள்தான். குடும்பத்தாரிடம் 15100-ஐயும் இலவச வழக்கறிஞர் உரிமையையும் சொல்வோம், எந்த வக்கீலின் விசிட்டிங் கார்டையும் கொடுக்க மாட்டோம். கட்சிக் கொடி பிடித்தவர் வரலாம், கொடியை வீட்டில் வைத்துவிட்டு. நன்கொடை வாங்கப் போவதில்லை. பஸ் கட்டணம் அவரவர் கையிலிருந்து.

கோர்ட்டை விட்டு வெளியே போகச் சொன்னால் எதிர்த்துப் பேசாமல் போவோம். யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு ரிமாண்டுக்கும் ஒரு பக்கம்: வந்த நேரம், குறிப்பாணையில் சாட்சி யார், வக்கீல் இருந்தாரா, என்ன மொழியில் பேசினார்கள், காயம் கண்ணுக்குத் தெரிந்ததா, எத்தனை நிமிடம். கைதானவர் பெயர் எழுத மாட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் தொகுத்து முதலில் முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புவோம். பதிலுக்கு 30 நாள் காத்திருப்போம். பதில் வந்தால் அதையும் சேர்த்து, வராவிட்டால் வரவில்லை என்று போட்டு, அச்சிட்டுக் கோர்ட் வாசலில் விற்போம். விலை பத்து ரூபாய்.